பத்து நாளில் சி.சி.ஐ.இ.? பணம் கட்டும் முன் படியுங்கள்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பிராட்பேண்ட் இணைப்பும் வந்துவிட்டது. அடுத்து வீட்டில் எழும் கேள்வி, "பையனை எந்த கோர்ஸில் சேர்க்கலாம்?" என்பதுதான். தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பகுதிகளில் பயிற்சி நிலையங்களின் போர்டுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பெரிய எழுத்தில் கண்ணில் படுவது நெட்வொர்க்கிங் சான்றிதழ் பயிற்சி. அதிலும் உச்சியில் இருப்பது சி.சி.ஐ.இ. "பத்தே நாள் தீவிரப் பயிற்சி", "நூறு சதவீதத் தேர்ச்சி" என்று விளம்பரம் வந்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் இது சின்னத் தொகை இல்லை. நகையை அடகு வைத்தோ, பி.எப். பணத்தை எடுத்தோ கட்டுகிற குடும்பங்கள் உண்டு. எனவே பணம் கட்டும் முன் இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும். முதல் சோதனை நமக்கு, இரண்டாவது பயிற்சி நிலையத்துக்கு. பலர் இரண்டாவதை மட்டும் செய்கிறார்கள். முதல் சோதனைதான் முக்கியம். ஏன் என்று பார்ப்போம்.

எது எந்தப் படி?

நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம் இந்தச் சான்றிதழ்களை வழங்குகிறது. முதல் படி சி.சி.என்.ஏ. இது 1998-ல் வந்தது. அடுத்த படி சி.சி.என்.பி. மேல் படி சி.சி.ஐ.இ., அதாவது சிஸ்கோ சர்டிஃபைட் இன்டர்நெட்வொர்க் எக்ஸ்பர்ட். மேல் படிதான் முதலில் வந்தது, 1993-ல். தேறியவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. 1024 என்ற எண்ணைத் தேர்வுக்கூடத்துக்கே கொடுத்துவிட்டு, மனிதர்களுக்கு 1025-லிருந்து தொடங்கினார்கள். இன்றும் இந்தத் துறையில் ஒருவர் தம் சி.சி.ஐ.இ. எண்ணைச் சொன்னால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

2020 பிப்ரவரி 24 அன்று சிஸ்கோ தன் தேர்வு முறையை மாற்றியது. அதன்படி, சி.சி.என்.பி. எழுத சி.சி.என்.ஏ. முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. சி.சி.ஐ.இ.-க்கும் கீழ்ப் படிகள் கட்டாயமில்லை. விளம்பரங்களில் "முன் தகுதி எதுவும் தேவையில்லை" என்று வருவது இதை வைத்துத்தான். விதிப்படி அது உண்மையே. ஆனால் 5 முதல் 7 ஆண்டு அனுபவம் இருந்தால் நல்லது என்று சிஸ்கோ பரிந்துரை செய்வதைப் பல விளம்பரங்கள் சொல்வதில்லை. கதவில் பூட்டு இல்லை என்பதால் மாடிப்படி குறைந்துவிடாது.

தேர்வும் செலவும்

நெட்வொர்க்கிங் பிரிவில் அதிகம் பேர் எடுப்பது 'என்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர்' என்ற பாடப்பிரிவு. இதில் இரண்டு கட்டங்கள்.

முதல் கட்டம் 350-401 என்ற எண்ணுள்ள கோர் தேர்வு. 120 நிமிடம், கட்டணம் 400 டாலர். பியர்சன் வியூ தேர்வு மையங்களில் இதை எழுதலாம்.

இரண்டாம் கட்டம் லேப் தேர்வு. ஒரே நாளில் 8 மணி நேரம். முதல் 3 மணி நேரம் வடிவமைப்பு. ஒரு நிறுவனத்தின் தேவைகளைக் கொடுத்து, நெட்வொர்க்கை எப்படி அமைப்பீர்கள் என்று கேட்பார்கள். அடுத்த 5 மணி நேரம் கையால் செய்யும் வேலை. கருவிகளை அமைக்க வேண்டும், இயக்க வேண்டும், பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். கட்டணம் 1,600 டாலர். இந்தியாவில் இதற்கான நிரந்தரத் தேர்வுக்கூடம் பெங்களூருவில் இருக்கிறது. சென்னைக்காரர்கள் முந்தின நாளே போய்த் தங்கி எழுதுவதுதான் நல்லது.

டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, இரண்டு தேர்வுக்கும் சேர்த்து 1,70,000 ரூபாய். வரி, பயணம், தங்கும் செலவு தனி. பயிற்சிக் கட்டணம் இதற்கு மேல். லேப் தேர்வில் ஒருமுறை தவறினால் மறுபடி 1,600 டாலர், அதாவது 1,36,000 ரூபாய். பயிற்சி நிலையத்தில் சொல்லும் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்குப் போடக்கூடாது.

இன்னொரு விவரமும் முக்கியம். கோர் தேர்வில் தேறிய பிறகு லேப் தேர்வு எழுத 3 ஆண்டு அவகாசம் உண்டு. அதே கோர் தேர்வுடன் ஒரு சிறப்புப் பாடத் தேர்வையும் சேர்த்து எழுதித் தேறினால் சி.சி.என்.பி. கிடைத்துவிடும். அந்தத் தேர்வு 90 நிமிடம், 300 டாலர். ஆக, போகும் வழியிலேயே ஒரு சான்றிதழ் கையில் வந்துவிடுகிறது. "இந்த மாதமே சேர்ந்தால்தான் உண்டு" என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த அவசரம் அவர்களுடையது. நம்முடையது அல்ல.

தீவிரப் பயிற்சி எதற்கு?

ஐந்து நாள் முதல் இரண்டு வாரம் வரை, காலையிலிருந்து இரவு வரை நடக்கும் வகுப்புகளை 'பூட் கேம்ப்' என்கிறார்கள். இதை மோசம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. சரியான ஆளுக்கு இது மிகவும் பயன்படும். யார் அந்தச் சரியான ஆள்?

மார்கழிக் கச்சேரியை நினைத்துப் பாருங்கள். பல வருடம் சாதகம் செய்தவருக்குக் கச்சேரிக்கு முந்தைய பத்து நாள் ஒத்திகை பெரிய பலம். சரளி வரிசையே வராதவருக்குப் பத்து நாள் ஒத்திகை வைத்து மியூசிக் அகாடமி மேடையில் ஏற்ற முடியுமா? பூட் கேம்ப் என்பது ஒத்திகை. நேரக் கட்டுப்பாட்டைப் பழக்கும், விட்டுப்போன இடங்களைக் காட்டும், வேகத்தைக் கூட்டும். அடிப்படையை அது கற்றுத் தராது. அதற்கு அங்கே நேரமே இருக்காது.

ஒரு சின்ன உதாரணம். இரண்டு ரவுட்டர்கள் தமக்குள் வழிகளைப் பரிமாறிக்கொள்ள 'ஓ.எஸ்.பி.எஃப்.' என்ற முறை இருக்கிறது. ஈதர்நெட் இணைப்பில் ஒவ்வொரு ரவுட்டரும் 10 விநாடிக்கு ஒருமுறை "ஹலோ" என்று ஒரு செய்தி அனுப்பும். 40 விநாடி வரை ஹலோ வராவிட்டால், பக்கத்து ரவுட்டர் போய்விட்டதாக முடிவு செய்யும். ஒரு பக்கம் இந்த நேரத்தை மாற்றிவிட்டு மறுபக்கம் மாற்றாமல் விட்டால், இரண்டும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளவே செய்யாது. இது எளிதான பழுது.

இன்னொன்று இருக்கிறது. ஒரே தடவையில் அனுப்பும் பாக்கெட்டின் அதிகபட்ச அளவு ஒரு பக்கம் 1500, மறுபக்கம் 1400 என்று இருந்தால் என்ன ஆகும்? ஹலோ போகும், வரும். 'பிங்' கொடுத்தாலும் பதில் வரும். ஆனால் தகவல் பரிமாற்றம் பாதியில் நின்றுவிடும். எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும், வேலை மட்டும் நடக்காது.

வகுப்பில் ஆசிரியர் இதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். நீங்களும் நோட்டில் எழுதிக்கொள்வீர்கள். ஆனால் நீங்களே இரண்டு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்திருந்தால்தான், தேர்வு நாளில் அந்த அறிகுறியைப் பார்த்ததும் கை தானாக அந்த இடத்துக்குப் போகும். அந்த இரண்டு மணி நேரத்தை எந்தப் பயிற்சி நிலையமும் விற்க முடியாது. அதை வீட்டில் நாம்தான் செலவழிக்க வேண்டும்.

முதல் சோதனை: உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்

நல்ல செய்தி என்னவென்றால், இதைத் தொடங்கப் பணம் தேவையில்லை. 2005-க்கு முன் ரவுட்டர் பழக வேண்டுமானால் பழைய ரவுட்டரை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டைனமிப்ஸ் என்ற சாப்ட்வேர் வந்தது. சிஸ்கோ ரவுட்டரின் இயக்கத்தைச் சாதாரணக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தது. இன்று அதைவிட எளிய வழிகள் இருக்கின்றன.

சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசக் கணக்கு தொடங்கினால் 'பாக்கெட் ட்ரேசர்' என்ற சாப்ட்வேரை டவுன்லோட் செய்துகொள்ளலாம். 4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரிலும் ஓடும். சி.சி.என்.ஏ. அளவுக்கு இது போதும். அதற்கு மேல் போக 'சிஸ்கோ மாடலிங் லேப்ஸ்' இருக்கிறது. 5 கருவிகள் வரை இயக்கக்கூடிய இலவசப் பதிப்பு இதில் உண்டு. இதற்கு 16 ஜிபி ராம் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். ராம் கூட்ட வேண்டுமானால் ரிச்சி தெருவில் விசாரியுங்கள். பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள். ரவுட்டர் சாப்ட்வேரைக் கண்ட கண்ட இடத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டாம். அதற்கு லைசென்ஸ் உண்டு. வைரஸ் வரும் ஆபத்தும் உண்டு.

இப்போது கீழே உள்ள நான்கு வேலைகளை யார் உதவியும் இல்லாமல் செய்து பாருங்கள்.

1. ஒரு நெட்வொர்க் 192.168.10.0, அதன் முகமூடி 26 பிட். இதில் எத்தனை கம்ப்யூட்டர்களுக்கு முகவரி தரலாம்? 192.168.10.70, 192.168.10.130 இரண்டும் ஒரே பிரிவில் வருமா? விடை: 62 முகவரிகள். இரண்டும் ஒரே பிரிவில் வராது. முதலாவது 64 முதல் 127 வரையுள்ள பிரிவு, இரண்டாவது 128 முதல் 191 வரையுள்ள பிரிவு. இதைத் தாளில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும்.

2. ஒரே ஸ்விட்ச்சில் இரண்டு 'விலான்' பிரிவுகளை அமைத்து, அவை ஒன்றோடொன்று பேச ஒரு ரவுட்டரை இணையுங்கள்.

3. மூன்று ரவுட்டர்களை ஓ.எஸ்.பி.எஃப். மூலம் இணைத்து, ஒரு கேபிளை எடுத்துவிடுங்கள். தகவல் மாற்று வழியில் போகிறதா என்று பாருங்கள்.

4. ஒரு நண்பரிடம் கொடுத்து அந்த அமைப்பில் ஏதாவது ஒன்றைக் கெடுத்துவிடச் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

நான்கும் வராவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் தொடங்க வேண்டிய இடம் சி.சி.என்.ஏ. என்று அர்த்தம். அதன் தேர்வு எண் 200-301, கட்டணம் 300 டாலர். நான்கும் வந்து, வேலையிலும் ரவுட்டர்களுடன் பழகியிருந்து, சி.சி.என்.பி. அளவுப் பாடங்களையும் முடித்திருந்தால் தீவிரப் பயிற்சியைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாம் சோதனை: பயிற்சி நிலையத்துக்கு

நேரில் போகும்போது இந்தக் கேள்விகளை எழுதிக் கொண்டுபோங்கள். விடைகளையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பாடம் நடத்துவது யார்? முன் அறையில் பேசுபவர் அல்ல, வகுப்பில் நிற்பவர். அவருக்கு நடப்பில் உள்ள சி.சி.ஐ.இ. இருக்கிறதா? சான்றிதழுக்கு ஆயுள் 3 ஆண்டுதான், புதுப்பிக்க வேண்டும். சிஸ்கோவின் அங்கீகாரம் பெற்ற ஆசிரியர்களுக்கு சி.சி.எஸ்.ஐ. என்ற தனித் தகுதி உண்டு. டிஜிட்டல் பேட்ஜைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. உண்மையானவர் கோபப்பட மாட்டார்.

கை வைத்துச் செய்யும் நேரம் எவ்வளவு? மொத்த மணி நேரத்தில் பாதிக்கு மேல் லேப் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி லேப் உண்டா, அல்லது நான்கு பேர் ஒரு கீபோர்டைச் சுற்றி உட்கார வேண்டுமா? ஒரு பேட்சில் எத்தனை பேர்?

பழுது பார்க்கும் பயிற்சி உண்டா? ஆசிரியர் வேண்டுமென்றே கெடுத்து வைத்த நெட்வொர்க்கை மாணவர் சரி செய்யும் வகுப்புகள் எத்தனை? இதற்குத் தெளிவான விடை இல்லாத இடத்தைத் தள்ளிவிடலாம்.

எந்தப் பாடத்திட்டம்? சிஸ்கோவின் இணையதளத்தில் தற்போதைய பதிப்பின் பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கும். பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் ஒப்பிடுங்கள்.

வகுப்பு முடிந்த பிறகு? வீட்டிலிருந்து அவர்களுடைய லேபைப் பயன்படுத்த எத்தனை வாரம் அனுமதி? தேர்வில் தவறினால் மீண்டும் வகுப்பில் உட்காரலாமா?

பணம்? சொல்லும் கட்டணத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா? தேர்வுக் கட்டணம் சேர்ந்ததா? இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இவை எழுத்தில் வேண்டும். ரசீது நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும்.

கடைசியாக, ஒரு மணி நேரம் வகுப்பின் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். ஆசிரியர் படம் காட்டிப் பேசிக்கொண்டே போகிறாரா, மாணவர்கள் திரையில் தட்டிக்கொண்டு சந்தேகம் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். போக்குவரத்தையும் கணக்கில் சேருங்கள். தினமும் பத்து மணி நேர வகுப்புக்குப் பிறகு உஸ்மான் ரோடு நெரிசலைக் கடந்து அடையாறு வந்து, அன்றைய பாடத்தை மறுபடி செய்து பார்க்க உடம்பில் தெம்பு இருக்குமா? இல்லை என்றால் பத்து நாளை விட, ஆறு மாத வார இறுதி வகுப்பு உங்களுக்குப் பொருத்தமாக இருக்கலாம்.

"ஒரிஜினல் கேள்விகள் தருகிறோம்"

இந்த வார்த்தையைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 'டம்ப்' என்று சொல்லப்படும் இவை தேர்வுக்கூடத்திலிருந்து கசிந்த கேள்விகள் என்ற பெயரில் விற்கப்படுபவை. தேர்வு எழுதும் ஒவ்வொருவரும் ரகசிய ஒப்பந்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டுதான் எழுதுகிறார்கள். மீறினால் மதிப்பெண்ணை ரத்து செய்யவும், சான்றிதழைப் பறிக்கவும், இனி எழுதத் தடை விதிக்கவும் சிஸ்கோவுக்கு உரிமை உண்டு. அப்போது பயிற்சி நிலையத்துக்கு எதுவும் ஆகாது. பெயரும் பணமும் போவது உங்களுடையது.

தப்பித் தேறிவிட்டாலும் கதை முடியவில்லை. வேலைக்கான நேர்முகத் தேர்வில் மேலே சொன்ன 1500, 1400 பழுதைப் போல ஒன்றைப் போர்டில் வரைந்து "எங்கே கோளாறு?" என்று கேட்டால், மனப்பாடம் கை கொடுக்காது. சான்றிதழ் பெரிதாக இருந்து பதில் சின்னதாக இருந்தால் சந்தேகம்தான் வரும். அதற்கு நேர்மையான ஒரு சி.சி.என்.ஏ. எவ்வளவோ மேல்.

சட்டம் என்ன சொல்கிறது?

பயிற்சி நிலையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. 50 பேருக்கு மேல் பயிற்சி தரும் நிலையங்களுக்கு இவை பொருந்தும். தேர்ச்சி உறுதி, வேலை உறுதி என்று பொய் வாக்குறுதி தருவது, ஆசிரியர் தகுதி, கட்டணம், பணம் திரும்பத் தரும் விதி பற்றித் தவறாகச் சொல்வது, "இன்னும் இரண்டு சீட்தான்" என்று பொய் அவசரம் காட்டுவது ஆகியவற்றை இந்த விதிகள் தடுக்கின்றன. பாதிக்கப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். விளம்பர நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள். புகாருக்கு அவைதான் ஆதாரம்.

குறைந்த செலவில் வேறு வழிகள்

சென்னைக்கு நெட்வொர்க் புதிதல்ல. 1986-ல் தொடங்கிய எர்நெட் என்ற கல்வி நெட்வொர்க்கில் சென்னை ஐ.ஐ.டி. பங்கு பெற்றது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்த நகரங்களில் சென்னையும் ஒன்று. கற்க வழிகளும் இங்கே நிறைய இருக்கின்றன. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பாடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். காந்தி மண்டபம் ரோட்டில் மத்திய அரசின் நீலிட் மையம் இருக்கிறது. அங்கு நடக்கும் குறுகிய காலப் பயிற்சிகளின் விவரத்தை விசாரியுங்கள். மகனோ மகளோ இன்ஜினியரிங் படித்தால், கல்லூரியிலேயே சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஆகவே, வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பாக்கெட் ட்ரேசர், தினம் ஒரு மணி நேரம், மூன்று மாதம். பிறகு சி.சி.என்.ஏ. அதன்பின் வேலை அல்லது வேலைப் பயிற்சி. அடுத்து கோர் தேர்வு, சி.சி.என்.பி. இத்தனைக்கும் பிறகு "இன்னும் வேகம் வேண்டும், 8 மணி நேரம் தாக்குப்பிடிக்கப் பழக வேண்டும்" என்று தோன்றினால், அப்போது தீவிரப் பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள். அதற்குள் வருமானமும் வந்திருக்கும், அம்மாவின் வளையலை அடகு வைக்க வேண்டியிருக்காது. எந்த நிலையம் நல்லது என்று யாரிடமும் கேட்க வேண்டிய அவசியமும் குறைந்திருக்கும். ஒரு மணி நேரம் பின்வரிசையில் உட்கார்ந்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.